கத்தரிக்கோலைக் கீழே வைக்காத டைரக்டர்

இடது கை காம்பைப் பிடித்திருந்தது. வலது கையில் மூக்கு மெலிந்த கத்தரிக்கோல். திராட்சைக் குலை கண்ணுக்கு நேரே ஒரு சுற்றுச் சுற்றியது. வெடித்த பழம் ஒன்று, சூம்பிய பழம் இரண்டு, பழுக்க மறந்த பச்சைக்காய் ஒன்று, நான்கும் மடியில் விரித்திருந்த சாக்கில் விழுந்தன. நல்ல பழம் ஒன்றின் மேலும் விரல் படவில்லை. பட்டால் பழத்தின் மேலிருக்கும் சாம்பல் பூச்சு அழிந்துவிடும், அழிந்த இடம்தான் கடைக்காரர் கண்ணில் முதலில் விழும். குலை காம்பு மேலாகப் பெட்டிக்குள் இறங்கியது. கை அடுத்த குலைக்குப் போனது.

அந்தக் கைகளைச் சுற்றி, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரேக்களின் மேல் ஒன்பது ஆண்கள் உட்கார்ந்து முல்லைக்கரை உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் டைரக்டர்கள் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலும் ஆளுக்கொரு கத்தரிக்கோல் இருந்தது. அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம்.

சேர்மன் ஈஸ்வரபாண்டி தாளைப் பார்த்து வாசித்தார். "தீர்மானம் நாலு. கைருன்னிசாம்மாவோட பதவிக்காலம் இந்த மாசத்தோட முடியுது. ரெண்டு வருசம் ரொம்ப ஒத்தாசையா இருந்தாக. பொதுக்குழுவுல ஒரு பொன்னாடையப் போத்திட்டு, அந்த எடத்துக்கு எங்க வீட்டுல பாண்டீஸ்வரியக் கொண்டு வரலாம்னு யோசன."

"சார், பதவிக்காலம் விசயமா இன்னொண்ணும் இருக்கு" என்று ஆரம்பித்தான் மதன்குமார். கம்பெனியின் சி.இ.ஓ. அவன்தான். எம்.பி.ஏ. படித்தவன், இருபத்தேழு வயது, இருக்கிற நாலு சட்டையையும் இந்த மாதச் சம்பளத்தில் வாங்கியவன்.

"பொறு தம்பி. தீர்மானம் முடியட்டும்."

மற்ற எட்டு டைரக்டர்களும் தங்கள் கையிலிருந்த குலைகளை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்கள். கைருன்னிசாவின் கத்தரிக்கோல் 'நறுக்' என்றது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கை ஒரு நல்ல பழத்தை வெட்டியிருந்தது. அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அந்தப் பழத்தை வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

பதவி போவதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்றால், பதவி என்று ஒன்று இருப்பதே மாதத்தில் ஒரு நாள்தான் அவளுக்கு ஞாபகம் வரும். அவள் பயந்தது ஜீப்புக்கு. கம்பெனியின் இந்தப் பேக்கிங் ஷெட் வருடத்தில் நாலு மாதம் மட்டும் ஓடிய காலத்தில், மிச்ச எட்டு மாதமும் விடியுமுன்னே கம்பத்தில் ஜீப் ஏறி, மேட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவள் அவள். எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பதினாறு பேர். கொண்டை ஊசி வளைவுகளில் ஒருத்தி மடியில் ஒருத்தி. இப்போது ஷெட் பத்து மாதம் ஓடுகிறது. நாற்பத்தொன்பது வயதில், முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு பேச்சுப் பேசுகிற நிலையில், மறுபடியும் அந்த ஜீப்பில் ஏற அவளால் முடியாது.

ஷெட் பத்து மாதம் ஓடுவதற்கும் அவள் டைரக்டர் ஆனதற்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் அதை எவர் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மானியம் தருகிற அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. டைரக்டர் குழுவில் பெண் ஒருவராவது இல்லாவிட்டால் அடுத்த தவணை கிடையாது. ஒன்பது பேரும் கூடி, யார் வீட்டுப் பெண்ணைப் போடுவது என்று பேசினார்கள். வைகுண்டராஜ் மனைவியைப் போட்டால் கர்ணன் வீட்டில் கர்ணனுக்குச் சோறு கிடைக்காது. கர்ணன் மனைவியைப் போட்டால் மற்ற எட்டு வீட்டிலும் கிடைக்காது. ஆகவே எந்த டைரக்டருக்கும் மனைவியாக இல்லாத ஒரு பெண் வேண்டும் என்று முடிவானது. நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களில் பெண்கள் முப்பத்தொரு பேர். பாதிப் பேர் மருமகள் வீட்டில், திருப்பூரிலோ சென்னையிலோ. மீதியில் தேடியபோது, தேடுகிற ஆள் நடந்து போகும் வழியிலேயே ஒருத்தி உட்கார்ந்து குலை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்ற அத்தா எழுதிக் கொடுத்த முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் அவள் பேரில் இருந்தது. கம்பெனியில் பங்கும் இருந்தது.

"கையெழுத்து முத்து முத்தா போடும். வாயத் தொறக்காது" என்று சேர்மன் சிபாரிசு செய்தார்.

குலையைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தால் கை ஆடும், அதனால்தான் அவள் பேசுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

அதுவரை கூட்டங்கள் கம்பத்தில் ஒரு லாட்ஜின் மாடியில், இரவு ஏழு மணிக்கு, குளிர்சாதனத்தோடும் மட்டன் பிரியாணியோடும் நடந்து வந்தன. மதன்குமார் வந்து கைருன்னிசாவிடம் நேரத்தையும் இடத்தையும் சொன்னான். அவள் குலையைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தம்பி, பொழுது சாஞ்சு மஃரிபுத் தொழுகைக்கு அப்புறம் நான் லாட்ஜுக்குப் போயிட்டு வந்தேன்னு வையி, தெருவுல என்னய டைரக்டர்னு சொல்ல மாட்டாக. வேற சொல்லுவாக."

"அப்ப எப்படிங்க மேடம்?"

"பகல்ல வைக்கச் சொல்லு. இங்கன வைக்கச் சொல்லு. நான் எங்கிட்டும் போகல."

பெண் டைரக்டர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம், இடமும் நேரமும் பதிந்து, மாதாமாதம் அனுப்ப வேண்டும் என்று அலுவலகம் கேட்டிருந்ததால் வேறு வழியில்லாமல் கூட்டம் ஷெட்டுக்கு வந்தது. குளிர்சாதனம் போயிற்று, பிரியாணி போயிற்று, டீயும் பருப்பு வடையும் வந்தன. வருடத்துக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய் மிச்சமானதை யாரும் கவனிக்கவில்லை. ஆடிட்டர்தான் போன் செய்து, "போன வருசம் போர்டு கூடவே இல்லையா சார்?" என்று கேட்டார்.

முதல் கூட்டத்தில் சேர்மன் சொல்லிப் பார்த்தார். "அதக் கொஞ்சம் கீழ வச்சிட்டுக் கூட்டத்தக் கவனிக்கலாமுல்ல?"

"காது சும்மாதாண்ணே இருக்கு. கைதான் கூலிக்கு இருக்கு. வண்டி மூணு மணிக்கு" என்றாள் கைருன்னிசா.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. வைகுண்டராஜுக்குத் தூக்கம் வந்தது. தூக்கத்தை விரட்ட எதிரே கிடந்த டிரேயிலிருந்து ஒரு குலையை எடுத்து உருட்டினார். கைருன்னிசாவுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணே, காம்பப் பிடிங்க. பழத்தப் பிடிச்சா நாளைக்கு அங்கன தண்ணி விட்டுரும்."

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த மாயக்காள் தன்னிடம் உபரியாக இருந்த கத்தரிக்கோலை அவரிடம் நீட்டினாள். மூன்றாவது கூட்டத்துக்குள் ஒன்பது பேருக்கும் கத்தரிக்கோல் வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்து பேசுவதைவிட நறுக்கிக்கொண்டே பேசுவது ஆண்களுக்கும் சௌகரியமாக இருந்தது. கோபம் வந்தால் ஒரு சூம்பல் பழத்தை வெட்டிப் போடலாம்.

நான்காவது கூட்டத்தில்தான் அது நடந்தது.

பள்ளத்தாக்கில் திராட்சைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பந்தலடியில் டிரே நிரப்பும்போது அடியில் பச்சைக்காய்க் குலை, நடுவில் சுமாரான குலை, மேலே கறுகறுவென்று கண்ணைப் பறிக்கிற குலை. மேல்முகம் கட்டுவது என்பார்கள். இதை எல்லா விவசாயியும் செய்வார். அடுத்தவன்தான் இப்படிச் செய்கிறான், கம்பெனி அவனால்தான் கெடுகிறது என்று எல்லா விவசாயியும் நம்புவார். டைரக்டர்களும் விவசாயிகள்தான். எர்ணாகுளத்திலிருந்து லோடு லோடாகத் திரும்பி வந்தபோது, ஷெட்டுப் பெண்கள் சரியாக நறுக்கவில்லை என்று லாட்ஜ் மாடியில் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சேர்மன் ஒரு டிரேயில் மேலிருந்த ஆறு குலைகளை நறுக்கி முடித்து ஏழாவதை எடுத்தார். பச்சை. எட்டாவது பச்சையும் அழுகலும். அவர் முகம் சிவந்தது.

"எந்தப் பய இப்படிக் கட்டி அனுப்புனது? மதனு, டிரேயில நம்பரப் பாரு. இன்னைக்கே மெம்பர்ல இருந்து தூக்கிருவோம்."

ஒவ்வொரு டிரேயின் பக்கவாட்டிலும் உறுப்பினர் எண்ணைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். மதன்குமார் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்து பார்த்தான்.

"சொல்லுலே."

"ஒண்ணு, சார்."

"ஒண்ணுன்னா? நூத்தி ஒண்ணா, இருநூத்தி ஒண்ணா?"

"வெறும் ஒண்ணு, சார்."

கம்பெனியைத் தொடங்கிய நாளில் முதல் ஆளாகப் பணம் கட்டி முதல் எண்ணை வாங்கியவர் ஈஸ்வரபாண்டி. மாயக்காளுக்கு இருமல் வந்து, தண்ணீர் குடிக்க வெளியே போனாள். வெளியே போயும் இருமல் நிற்கவில்லை. கைருன்னிசாதான் மெல்லச் சொன்னாள்.

"டிரே தலைகீழா வந்திருக்கும்ணே."

எட்டு டைரக்டர்களும் உடனே ஆமோதித்தார்கள். தலைகீழாகத்தான் வந்திருக்க வேண்டும். நிரப்பிய டிரே தலைகீழாக வந்தால் பழமெல்லாம் ரோட்டில் அல்லவா கிடக்கும் என்று எவரும் கேட்கவில்லை. ஏனென்றால் அவரவர் டிரேயும் அங்கேதான், சுவரோரம், இன்னும் தொடாமல் அடுக்கியிருந்தது.

அந்த மாதம் முதல், டைரக்டர்கள் டிரே எல்லாம் அடியும் மேலும் ஒரே நிறத்தில் வந்தன. சேர்மன் டிரேயையே கவிழ்த்துப் பார்க்கிறார்கள் என்ற செய்தி பந்தல் பந்தலாகப் பரவி, மற்ற உறுப்பினர்களின் டிரேக்களும் திருந்தின. லோடு திரும்பி வருவது நின்றது. கொச்சியிலிருந்து ஜோஷ்வா என்ற வியாபாரி தேடி வந்து, வாரம் மூன்று வண்டி வேண்டும் என்றார். முந்தின வருடம் மூன்று லட்சத்து எண்பதாயிரம் நஷ்டம் காட்டிய கம்பெனி, இந்த வருடம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் லாபம் காட்டியது. புதுப் பெயர்ப் பலகையைக் கிழக்குப் பார்த்து மாட்டியதுதான் காரணம் என்று சேர்மன் சொல்லிவந்தார்.

ஜெபஷீலா வந்தபிறகு அவர் காரணத்தை மாற்றிக்கொண்டார்.

ஜெபஷீலா மதுரையில் ஆராய்ச்சி செய்கிற பெண். கம்பெனிகளில் பெண் டைரக்டர்கள் இருந்தால் லாபம் கூடுகிறதா என்பது அவள் ஆராய்ச்சி. டேப்லெட்டில் அறுபத்து நாலு கேள்விகளோடு வந்திருந்தாள். இதிலிருந்து இன்னொரு மானியம் வரக்கூடும் என்று சேர்மனுக்கு வாசம் அடித்தது.

"எழுதிக்கங்கம்மா. எங்க கம்பெனி லாபத்துக்கு ஒரே காரணம் பெண் டைரக்டர்தான்" என்றார். அதோடு நிற்காமல், ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அதைத் தடித்த எழுத்தில் அச்சடிக்கவும் மதன்குமாரிடம் சொன்னார்.

"அப்புறம் ஏன் சார் அவங்கள மாத்துறீங்க?" என்றான் மதன்குமார்.

"பெண் டைரக்டர்னா எல்லாப் பெண்ணும் பெண்தானப்பா. எங்க வீட்டுலன்னா கார்ல வந்து எறங்கும். கம்பெனிக்கும் ஒரு கௌரவம்."

"சார், அந்தப் பதவிக்காலம் விசயமா இன்னொண்ணு…"

"பொறு, பொறு. அந்தப் புள்ளைக்கு எளநீ சொல்லு."

ஜெபஷீலா கைருன்னிசாவுக்கு எதிரே ஒரு டிரேயைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். "போர்டுல நீங்க என்ன மாற்றம் கொண்டு வந்தீங்க மேடம்?"

"நான் ஒண்ணும் கொண்டு வரலத்தா. அவுகதான் இங்கன வந்தாக."

"எத்தனை தீர்மானம் முன்மொழிஞ்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"கூட்டத்துல சராசரியா எத்தனை தடவை பேசுவீங்க?"

கைருன்னிசா யோசித்தாள். "'காம்பப் பிடிங்க'ன்னு சொன்னதெல்லாம் கணக்குல சேருமா?"

ஜெபஷீலா டேப்லெட்டில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கூட்டம் எங்கே நடந்தது என்றோ, கூட்டத்தில் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்றோ கேட்கிற கேள்வி எதுவும் அதில் இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு, கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேர்மன் மனைவி பாண்டீஸ்வரி ஷெட்டுக்கு வந்தாள். காரில் அல்ல, மினி பஸ்ஸில்.

"அக்கா, இந்த டைரக்டர் வேலன்னா என்னா? அவுககிட்டக் கேட்டா, 'நீ சும்மா வந்து உக்காந்திரு'ங்கிறாக. நான் சும்மா உக்காந்து அவுக பாத்ததே இல்ல. எப்படி உக்காரணும்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

தன் இடத்துக்கு வருகிறவளைப் பார்த்துச் சிரிக்கக் கைருன்னிசாவுக்கு வரவில்லை. கத்தரிக்கோலை நீட்டினாள். பாண்டீஸ்வரி டிரேயில் உட்கார்ந்து, குலையைக் காம்பில் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டினாள். பழகிய கை. நாலு ஏக்கர் பந்தலில் கவாத்து முதல் அறுப்பு வரை அவள்தான் நின்று பார்க்கிறாள் என்று கைருன்னிசாவுக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

"அன்னைக்கு அந்த ஒண்ணாம் நம்பர் டிரே…" என்று இழுத்தாள் பாண்டீஸ்வரி. "நான் அப்பவே வேணாமுன்னேன். 'சேர்மன் டிரேய எவன் கவுத்துப் பாக்கப் போறான்'னாக."

"தலைகீழா வந்திருச்சுன்னு சொல்லிட்டோம்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு பாண்டீஸ்வரி கேட்டாள், "நான் வந்துட்டா நீங்க என்னாக்கா செய்வீக?"

"செய்யிறது என்ன. கூட்டம் திரும்ப லாட்ஜுக்குப் போயிரும். டிரே திரும்ப மேல மட்டும் அழகா வரும். கொச்சிக்காரக நின்னுருவாக. ஷெட்டு நாலு மாசம். மிச்சத்துக்கு ஜீப்பு" என்றாள் கைருன்னிசா. "மாயக்காளுக்கும் ஜீப்புதான்."

பாண்டீஸ்வரி மூன்று குலை நறுக்கி முடித்தாள். அப்புறம் மதன்குமாரைக் கூப்பிட்டாள். "தம்பி, கம்பெனியில ஒரே ஒரு பொம்பளதான் இருக்கணுமா?"

"ஒருத்தராவது இருக்கணும்னுதாங்க விதி. அதுக்கு மேல எத்தன பேர்னாலும் இருக்கலாம். ஆனா எடம் காலியா இருக்கணும்." அவன் சற்றுத் தயங்கினான். "மூணு வாரமா ஒண்ணு சொல்ல வாரேன், சார் சொல்லவே விட மாட்டேங்கிறாரு. சாரோட பதவிக்காலமும் பொதுக்குழு அன்னைக்குத்தான் முடியுது."

"நீ சொல்லலையா?"

"நாலு தடவ ஆரம்பிச்சேன்."

"நான் முப்பது வருசமா ஆரம்பிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

பொதுக்குழு ஷெட்டிலேயே நடந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மூலையில் கைருன்னிசா வேலையாக இருந்தாள். கொச்சி ஜோஷ்வா சின்னப் பெட்டியில் புது மாதிரி பேக்கிங் ஒன்று கேட்டிருந்தார், மாதிரிக்கு ஒரு பெட்டி. அது அவர் கடைக்காரர்களுக்குப் பிடித்தால் ஷெட் பன்னிரண்டு மாதமும் ஓடும். அவர் வாசலில் வண்டியோடு நின்றிருந்தார்.

சேர்மன் மைக்கைப் பிடித்து ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தை வாசித்தார். "ஒரே ஒரு பெண் டைரக்டரப் போட்டோம். மூணு லட்சத்து எம்பதாயிரம் நஷ்டம் போச்சு. ரெண்டு லட்சம் லாபம் வந்துச்சு. இத மதுரையில இருந்து வந்து எழுதிட்டுப் போயிருக்காக."

பின்வரிசையில் தவசி எழுந்தார். ஒவ்வொரு பொதுக்குழுவிலும் ஒரு கேள்வி கேட்டே தீருகிற உறுப்பினர் அவர். "அப்ப ரெண்டு பொம்பளையப் போட்டா நாலு லட்சமா?"

கூட்டம் சிரித்தது. சேர்மனும் சிரித்தார். "அப்படியும் சொல்லலாம்."

"வாய் வார்த்தையா சொல்றீகளா, ஆராய்ச்சியில இருக்கா?"

"ஆராய்ச்சியிலதாங்க. அச்சடிச்சே குடுத்திருக்கோம், பாருங்க." சேர்மன் உற்சாகமாக அடுத்த தாளைப் புரட்டினார். "இப்ப முடியிற பதவி ஒண்ணுக்குத் தேர்தல். மதனு, வாசி."

மதன்குமார் மைக்கை வாங்கினான். இந்தத் தடவை அவனைப் பொறுக்கச் சொல்ல மைக் அவர் கையில் இல்லை. "முடியிற பதவி ரெண்டு. ஒண்ணு, கைருன்னிசா மேடம். ரெண்டு, சேர்மன் சார்."

ஈஸ்வரபாண்டி அவன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "இத ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"கூட்டத்துல சொல்ல வந்தது மினிட்ஸ்லயே இருக்கு சார். மூணு எடத்துல. 'சி.இ.ஓ. பேச முற்பட்டார், சேர்மன் பொறுக்கச் சொன்னார்.' கீழ நீங்க கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

எட்டு டைரக்டர்களும் கூரையைப் பார்த்தார்கள்.

தவசி இன்னும் உட்காரவில்லை. ஆண்டறிக்கையைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். "எடம் ரெண்டு. ஒரு பொம்பளைக்கு ரெண்டு லட்சம். நீங்க அச்சடிச்ச கணக்குதான், நான் போட்டதில்ல."

பெண்கள் வரிசையிலிருந்து பாண்டீஸ்வரி எழுந்தாள். "நான் அக்கா எடத்துக்கு வரல. அவுக அங்கனயே இருக்கட்டும். நான் இவுக எடத்துக்கு வாரேன்."

முதலில் மாயக்காளின் கை உயர்ந்தது. பிறகு பெண்கள் வரிசை முழுக்க. பிறகு தவசி, பிறகு நாலு லட்சத்தை மனக்கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தவர்கள். வைகுண்டராஜ் உயர்த்தினார். கர்ணன், வீட்டை நினைத்துக்கொண்டு உயர்த்தினார். பாண்டீஸ்வரி தன் கணவரைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள். உறுப்பினர் எண் ஒன்றின் கை, எல்லோருக்கும் கடைசியாக, உயர்ந்தது.

கைருன்னிசாவின் இடது கையில் குலை இருந்தது. ஆகவே வலது கையைக் கத்தரிக்கோலோடு உயர்த்தினாள். மதன்குமார் அதையும் ஒரு வாக்காக எண்ணிக்கொண்டான்.

கூட்டம் கலைந்து பொங்கலும் சட்னியும் தட்டில் விழுகிற நேரத்தில் அவள் கடைசிக் குலையைப் பெட்டிக்குள் இறக்கினாள். மேலே மெல்லிய தாளைப் போட்டாள். சேர்மனாகி ஆறு வருடத்தில் முதல் தடவையாக எவரும் எதுவும் கேட்காமல், ஈஸ்வரபாண்டி கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, இத வண்டியில குடுத்துருங்க" என்று பெட்டியை நீட்டினாள் கைருன்னிசா. "அடியப் பாத்துட்டுக் குடுங்க."

அவர் ஒரு டிரேயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தாளை விலக்கி, மேல் குலையைக் காம்பைப் பிடித்துத் தூக்கினார். அதற்குக் கீழே இருந்ததைத் தூக்கினார். அதற்கும் கீழே இருந்ததைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே ஒரு சுற்றுச் சுற்றினார். குற்றம் சொல்ல அவர் மனம் ரொம்பத் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. குலைகளை இருந்த வரிசையிலேயே இறக்கி, தாளைச் சரிசெய்து, மூடியை மடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"நோக்கியோ, சேட்டா?" என்றார் ஜோஷ்வா.

"பாத்தாச்சு. அடியும் மேலும் ஒண்ணுதான்" என்று சொல்லி, ஈஸ்வரபாண்டி பெட்டியை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார்.